ஒரு கடிதத்தில் நான்கு பைன்

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
போட்டோ கொப்பிக் கடையை ஒட்டிய படியேறினால்
என் அறை. பலகையில் மூன்று மொழிகளில்
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
சிங்களத்தில் ஓர் எழுத்து பிழை,
பெயின்டருக்குக் காசு கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.

பேச்சாயி கொண்டுவந்தது கம்பெனிக் கடிதம்.
பொலிதீன் உறைக்குள் இன்னொரு பொலிதீன் உறை,
அதற்குள் ஒரே பக்கம் ஆங்கிலம்.
பதினாறாம் திகதி தொழில் நியாயசபை.
அதற்குள் தமிழ் வேண்டும்.

பைன் என்ற சொல் நான்கு தடவை.

முதல் வரியில் அது கொழுந்துக்கு அடை.
நுண்ணிய என்று எழுதினேன். அடித்தேன்.
மெல்லிய. நேர்த்தியான. சன்னமான.
சன்னம் அரிசிக்குச் சரி, குரலுக்குக்கூடச் சரி,
கொழுந்தை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.
பிஞ்சு என்று போடவா?
"பிஞ்சு காய்க்குத்தானே மிஸ்.
நாங்க நல்ல கொழுந்துன்னு சொல்லுவோம்.
மத்தது முத்தல்."
நல்ல.
அதற்கு நான் மூன்று அகராதி திறந்திருந்தேன்.

ஐந்தாம் வரியில் அதே எழுத்துகள், அதே ஓசை,
இப்போது தண்டம்:
முத்தல் கலந்ததற்காக ஒன்பது நாள் அரைப்பேர்.
பெயரை அடுத்து நின்று அதன் தன்மை சொல்வதைப்
பெயரடை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
அடை வந்து நின்றதும்
பேர் பாதியாய்ப் போயிற்று.

ஒன்பதாம் வரியில் வானிலை.
குறித்த நாட்களில் அது பைனாக இருந்தபடியால்
மழையைச் சாட்டாகச் சொல்ல முடியாதாம்.
வாசித்துக் காட்டினேன்.
"ஒம்பது நாளும் என் படங்கு
அடுப்புக்கு மேல காயாம தொங்குச்சு,"
என்றாள், கடிதத்துக்கே சொல்வதுபோல.

பிறகு கேட்டாள்:
"அது என்ன மிஸ் பைன் பைன்னு?
மலைக்கு மேல நிக்கிற மரமா?
அதை நட்ட பொறகுதான் எட்டாம் லயத்து ஊத்து வத்துச்சு.
அடியில ஒரு புல்லு மொளைக்காது.
அந்த மரத்துக்கும் என் பேருக்கும் என்ன?"

இது வேறு சொல், மேற்பல்லைக் கீழுதட்டில்
வைத்துச் சொல்ல வேண்டும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

இரவு கரண்ட் போய் வந்தபின்
பெரிய அகராதியில் வேரைத் தேடினேன்.
லத்தீனில் அதற்கு முடிவு என்று பொருள். எல்லை என்றும்.
எல்லைவரை போய்ச் சேர்ந்தது குறையற்றது,
குறையற்றது நேர்த்தி, நேர்த்தி நுண்மை,
இப்படிப் படியிறங்கி வந்திருக்கிறது.
கட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடும் என்பதால்
கட்டுகிற காசுக்கும் அதே பெயர்.
கீழே நிகர்ச்சொற்கள், சிறிய எழுத்தில், அரைப்பக்கம்.
பேச்சாயிக்கு எல்லை என்பது
கூரைத் தண்ணீர் சொட்டி மண்ணில் குழித்த கோடு.
அதற்கு அந்தப் பக்கம் கம்பெனி.

நான்காவது பைன் கடைசி வரியில் இருந்தது:
தொகை கழிக்கப்பட்டதும் எல்லாம் பைன்.
பரவாயில்லை என்று போடலாம்.
பரவா பாரசீகத்திலிருந்து வந்தது, கவலை என்று பொருள்,
நாம் அதில் இல்லையை ஒட்டிக்கொண்டோம்.
யாருக்குக் கவலை இல்லை என்பதைக்
கடிதமும் சொல்லவில்லை.
வேரையே எழுதினேன்:
எல்லாம் முடிந்தது.
சத்தியம் செய்தவள் இப்படிச் செய்யலாமா, தெரியாது.

மறுநாள் முழுவதையும் வாசித்தேன்.
முழங்காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.
கடைசி வரி வந்ததும்
"முடியலையே மிஸ்," என்றாள்.

வழக்கைச் சொன்னாளா, காலைச் சொன்னாளா,
என் மாடிப்படியைச் சொன்னாளா.
முத்திரையை மையில் ஒற்றி
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.